டெங்கி கிட் 'இல்லை' என்றது, அம்மாவுக்கு டெங்கிதான்: இந்தச் சின்னப் பட்டைகளின் உணர்திறனைக் கூட்ட முடியாதா?

ஈசூன் வாசி · ஞாயிறு இரவு 9.42

வணக்கம். மருத்துவ ஆலோசனை கேட்க வரவில்லை. அம்மா வீடு திரும்பிவிட்டார், ரசம் சாதம் சாப்பிடுகிறார், நாடகம் பார்க்கிறார். எனக்குத்தான் ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது.

செவ்வாய் அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. இங்கே சிங்கப்பூரில், எங்கள் புளோக்கின் கீழே டெங்கி அதிகம் பரவுகிறது என்று எச்சரிக்கும் சிவப்புப் பதாகை தொங்கிக்கொண்டிருந்ததால் வியாழக்கிழமையே பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். விரலில் குத்தி, பட்டையில் ரத்தம் விட்டார்கள். என்எஸ்1 கோடு விழவில்லை. "டெங்கி இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல்" என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். சனிக்கிழமை அம்மாவால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. அவசரப் பிரிவுக்குப் போனால் ரத்தத் தட்டணு 58,000க்கு இறங்கியிருந்தது. ஆய்வுக்கூடப் பரிசோதனையில் டெங்கி என்றே வந்தது.

2021 ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு ஆறு ஏஆர்டி கிட் (கொரோனா விரைவுப் பரிசோதனை) தபாலில் வந்ததே, இதுவும் அந்த ரகம்தானே? பட்டை ஏன் கோட்டைவிட்டது? இதைவிடக் கூர்மையாகச் செய்ய முடியாதா, இல்லை செலவு பார்க்கிறார்களா?

ரத்தக்கூடம் · ஞாயிறு இரவு 10.15

அம்மா தேறியது மகிழ்ச்சி. நான் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். உங்களிடம் இரண்டு கேள்வி. அம்மாவுக்கு முன்பு எப்போதாவது டெங்கி வந்திருக்கிறதா? ரத்தம் விட்ட பிறகு பட்டையை எத்தனை நிமிடம் வைத்திருந்தார்கள்?

என்எஸ்1 என்பது டெங்கிக் கிருமி பெருகும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இருக்கும். முதல் தடவை டெங்கி வருகிறவரிடம் பட்டை அதை நன்றாகவே பிடிக்கும். இரண்டாம் தடவை என்றால் கதை வேறு. உடம்பு பழைய பகையை மறந்திருக்காது. ஐஜிஜி எதிர்ப்பொருளைச் சீக்கிரமே கொட்டி, என்எஸ்1ஐச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். பட்டையில் காத்திருக்கும் எதிர்ப்பொருள் பிடிப்பதற்கு இடம் கிடைக்காது. ரத்தத்தில் புரதம் இருக்கும், ஆனால் கோடு விழாது.

ஈசூன் வாசி · ஞாயிறு இரவு 10.31

அட! அம்மா திருநெல்வேலியில் இருந்தபோது 2012இல் டெங்கி வந்து பத்து நாள் படுத்திருந்தார். கிளினிக்கில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

நிமிடக் கணக்கு சரியாக நினைவில்லை. ஆனால் வெளியே உட்கார்ந்து தங்கைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பி முடிப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். ஐந்து, ஆறு நிமிடம் இருக்கலாம். இன்னொன்று, கிட்டில் இரண்டு ஜன்னல் இருந்தது. இரண்டாவதில் 'ஜி' பக்கம் ஒரு கோடு தெரிந்தது. "அது பழைய தொற்றைக் காட்டுகிறது" என்றார்கள்.

ரத்தக்கூடம் · ஞாயிறு இரவு 10.44

பழையதாக இருக்கலாம். ஆனால் காய்ச்சலோடு வந்தவருக்கு ஐஜிஜி கோடு விழுந்து என்எஸ்1 கோடு விழாவிட்டால், நான் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் தடவை டெங்கியின் முகமே அப்படித்தான் இருக்கும். ரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம், அல்லது தட்டணுவைத் தினமும் பார்க்கலாம்.

ஐந்து நிமிடம் நிச்சயம் போதாது. பெரும்பாலான டெங்கி கிட்களில் 15 முதல் 20 நிமிடம் போட்டிருக்கும். மங்கலான கோடு கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். இந்த இரண்டில் எது காரணம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

பட்டைக்காரன் · ஞாயிறு இரவு 11.20

இந்தப் பட்டைகளைச் செய்யும் இடத்தில்தான் எனக்குச் சோறு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நான்கு துண்டு. மாதிரி விழும் திண்டு, தங்கத் துகள் காய்ந்து கிடக்கும் திண்டு, நைட்ரோசெல்லுலோஸ் படலம், கடைசியில் எல்லாவற்றையும் உறிஞ்சும் திண்டு. சிவப்பாகத் தெரியும் கோடு சாயம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தங்கம். சுமார் 40 நானோமீட்டர் துகளாக இருக்கும்போது தங்கம் மஞ்சளாக மின்னாது, மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். துகள் மேல் ஓர் எதிர்ப்பொருள், படலத்தில் கோடாகத் தெளித்தது இன்னோர் எதிர்ப்பொருள். நோயாளியின் புரதம் நடுவில் மாட்டினால் தங்கம் அந்தக் கோட்டில் நின்றுவிடும். ஏராளமாக நின்றால்தான் கண்ணுக்குத் தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், நேரம். படலம் வாங்கும்போது அதன் வேகத்தைப் பார்த்துத்தான் வாங்குவோம்: திரவம் 4 சென்டிமீட்டர் நகர எத்தனை விநாடி. 140 என்று எழுதியிருந்தால் 140 விநாடி. கோட்டின் அகலம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். அப்படியென்றால் ஒரு புரதம் கோட்டைக் கடந்து போக மூன்றரை விநாடி. அதற்குள் பிடித்தால் பிடித்ததுதான். எலைசா என்ற ஆய்வுக்கூடப் பரிசோதனையில் இதே வேலைக்கு அரை மணி, ஒரு மணி அவகாசம் உண்டு. நடுவில் கழுவி விடுவார்கள், கடைசியில் நொதியைவிட்டு நிறத்தைப் பெருக்குவார்கள். ஓடுகிற ரயிலில் இருந்து பிளாட்பாரத்தில் நிற்பவரிடம் கைகுலுக்குவதும் மேசையில் உட்கார்ந்து பேசுவதும் ஒன்றா?

சரி, வேகத்தைக் குறைக்கலாமே? செய்கிறோம். மெதுவான படலம் போடலாம். கோட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டால் திரவம் அங்கே போய்ச் சேரும்போது தானாகவே நிதானமாகிவிடும். ஆனால் ரொம்ப மெதுவானால் படலம் முழுக்கச் செம்மை படிகிறது, வாடிக்கையாளர் இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருக்கவும் மாட்டார். (ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்காதவர்களும் இருக்கிறார்கள் என்று இங்கேயே தெரிகிறது.)

இன்னொரு வழி, கோட்டை இன்னும் பிரகாசமாக்குவது. தங்கத்துக்குப் பதில் யூரோப்பியம் சேர்த்த ஒளிரும் மணிகளைப் போட்டு, புற ஊதா விளக்கோடு ஒரு சின்னக் கருவியில் படிக்கலாம். தங்கத் துகள் மேல் வெள்ளியை வளர்க்கலாம். எல்லாம் வேலை செய்யும். ஆனால் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடுவது மாதிரி, புரதமே இல்லாத மாதிரியிலும் கோட்டில் தப்பித் தவறி ஒட்டிய துகள்கள் சேர்ந்து பிரகாசிக்கும்.

எங்கள் இடத்தில் கடைசியில் பலன் தருவது பெரும்பாலும் சலிப்பான வேலைதான்: இன்னும் நல்ல எதிர்ப்பொருள் ஜோடியைத் தேடுவது. டெங்கியில் நான்கு வகை உண்டு, நான்கையும் ஒரே அளவு பிடிக்கும் ஜோடி சுலபத்தில் அமையாது. நூற்றுக்கணக்கில் ஜோடி போட்டுப் பார்க்க வேண்டும். கல்யாணத் தரகர் வேலைதான், சந்தேகமே இல்லை.

தேக்கா தம்பி · திங்கள் காலை 7.05

அண்ணே, அருமை. எம்ஆர்டியில் படித்துக்கொண்டே போகிறேன். தங்கத்துக்குப் பதில் நானோ வைரம் போட்டு ஒரு லட்சம் மடங்கு உணர்திறன் கிடைத்தது என்று படித்தேனே? 2020இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் குழு செய்தது. வைரத்தில் இருக்கும் குறைபாடு நுண்ணலைக்கு ஏற்ப மினுக்கும். அந்தத் தாளத்தை மட்டும் பிரித்துப் படித்தால் பின்னணி இரைச்சல் காணாமல் போகும். நீங்கள் சொன்ன ரேடியோ பிரச்சினை தீர்ந்ததா இல்லையா?

அப்புறம் கிரிஸ்பர், கிருமியின் மரபுப் பொருளைத் தேடிப் பிடிக்கும் முறை. இங்கேயே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2021இல் 'வான்கார்டு' என்று ஒன்றைச் செய்தார்கள். கிருமி உருமாறினாலும் பிடிக்கும், அரை மணியில் முடிவு, கடைசியில் அதையும் பட்டையிலேயே பார்க்கலாம். இவ்வளவு இருந்தும் கிளினிக்கில் ஏன் இன்னும் பழைய தங்கக் கோடு?

பட்டைக்காரன் · திங்கள் மதியம் 12.50

தம்பி, வைரம் உண்மையிலேயே அழகான வேலை. இரைச்சலைப் பிரிக்கும் யோசனையைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த லட்சம் மடங்கு, பயோட்டின்–அவிடின் என்ற ஜோடியை வைத்து அளந்தது. இயற்கையில் அதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் ஜோடியைப் பார்ப்பது அரிது. உண்மையான எச்ஐவி ஆர்என்ஏவைப் பிடிக்க அவர்களே முதலில் பத்து நிமிடம் அதைப் பெருக்கிக்கொண்டார்கள். எங்கள் டெங்கி ஜோடி அவ்வளவு விசுவாசமானது இல்லை. மூன்றரை விநாடியில் பிடிக்காததை வைரம் வந்தாலும் காட்டாது.

கிரிஸ்பரில் முதல் கட்டமாக மரபுப் பொருளைப் பெருக்க வேண்டும். லேம்ப் முறை என்றால் 60 முதல் 65 டிகிரி. சூடாக்கி வேண்டும், குழாயைத் திறந்து பட்டையை விட வேண்டும். திறந்த நொடியில் கோடிக்கணக்கான பிரதிகள் காற்றில் ஏறி அடுத்த நோயாளியின் குழாயில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள். உணர்திறன் கூடக் கூட, அறையின் சுத்தமும் கூட வேண்டும். ஜிபி கிளினிக்கின் பின்னறையை நீ பார்த்திருக்கிறாயா?

புக்கிட் பாத்தோக் மாமா · திங்கள் மதியம் 1.10

எங்கள் காலத்தில் டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முடிந்தது.

ரத்தக்கூடம் · திங்கள் மாலை 6.30

மாமா, அந்தக் காலத்தில் எத்தனை பேர் என்ன நோய் என்றே தெரியாமல் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் :)

வெள்ளி பற்றிப் பட்டைக்காரன் ஒரு வரியில் தாண்டிவிட்டார். அது எனக்குப் பிடித்த கதை. காசநோய்க் கிருமியின் உறையில் லாம் என்றொரு பொருள் இருக்கிறது. சிறுநீரில் வரும். எச்ஐவியோடு காசநோயும் உள்ள பலரால் சளி எடுத்துக் கொடுக்க முடியாது, அதனால் சிறுநீர்ப் பட்டை அவர்களுக்குப் பெரிய உதவி. பழைய பட்டை 25 நிமிடத்தில் முடியும், ஆனால் நிறையப் பேரைத் தவறவிட்டது. ஃபுஜிஃபிலிம் நிறுவனம், ஆமாம், நம் கேமராவுக்குப் பிலிம் சுருள் விற்ற அதே ஃபுஜி, பிலிம் கழுவும் வேதியியலைப் பட்டைக்குள் கொண்டுவந்தது. தங்கத் துகளைச் சுற்றி வெள்ளி வளர்ந்து பெரிதாகும். 2019இல் வந்த ஆய்வில், மருத்துவமனையில் இருந்த எச்ஐவி நோயாளிகளிடம் பழைய பட்டையின் உணர்திறன் 42.3 விழுக்காடு, புதியது 70.4. எதிர்ப்பொருளையும் கூடவே மாற்றினார்கள், அதனால் புகழ் முழுதும் வெள்ளிக்குப் போகாது.

விலை என்ன கொடுத்தார்கள்? 25 நிமிடம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. ஒரு படிக்குப் பதில் பல படி, நடுவில் பொத்தான் அழுத்த வேண்டும். பிறகு தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி முடிவு மாறுகிறது என்ற பிரச்சினையும் கிளம்பியது. பட்டைக்காரனுக்கு இதைப் படித்தாலே வயிற்றைக் கலக்கும்.

பட்டைக்காரன் · திங்கள் மாலை 6.41

கலக்குகிறது.

கணக்கு வாத்தியார் · திங்கள் இரவு 8.20

ஜூனியர் காலேஜில் புள்ளியியல் எடுக்கிறேன், நோயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கணக்கு கண்ணை உறுத்துகிறது. ஒரு மில்லிலிட்டரில் 10 கிருமி இருக்கிறது, நீங்கள் எடுப்பது 50 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் துளியில் சராசரியாக அரைக் கிருமி. ஒன்றுகூட இல்லாமல் போகும் வாய்ப்பு சுமார் 61 விழுக்காடு. இந்த 61 பேரிடம் வைரம், வெள்ளி, கிரிஸ்பர் எதுவும் எடுபடாது. இல்லாததை எதை வைத்துப் பிடிப்பது? துளியைப் பெரிதாக்குவது ஒன்றே வழி.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். உணர்திறன் என்றால் நோய் உள்ளவரை 'உண்டு' என்று சொல்வது. நோய் இல்லாதவரை 'இல்லை' என்று சொல்லும் திறன் தனி. 10,000 பேரில் 50 பேருக்கு நோய் என்போம். உணர்திறன் 80, மற்றது 99 விழுக்காடு என்றால் 40 பேரைச் சரியாகப் பிடிப்பீர்கள், சுமார் 100 பேரை வீணாகப் பயமுறுத்துவீர்கள். உணர்திறனை 96க்கு உயர்த்தி மற்றதை 97க்கு இறங்கவிட்டால், கூடுதலாக 8 நோயாளிகள் கிடைப்பார்கள், வீணாகப் பயந்தவர்கள் சுமார் 300 ஆவார்கள். இந்தப் பேரம் யாருக்குக் கட்டுப்படியாகும்?

ரத்தக்கூடம் · திங்கள் இரவு 8.55

வாத்தியார், நீங்கள் சொன்ன பேரம் நிஜமாகவே நடந்திருக்கிறது. காசநோய்க் கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் பெட்டியில் பழைய குப்பி ஒரு மில்லிலிட்டர் சளியில் 131 கிருமி இருந்தால் பிடிக்கும். 2017இல் வந்த அல்ட்ரா குப்பி 16 இருந்தாலே பிடிக்கும். உள்ளே கலவை அளவையும் இரட்டிப்பாக்கினார்கள், உங்கள் பெரிய துளி யோசனைதான். பலன் கிடைத்தது. கூடவே, ஏற்கெனவே சிகிச்சை முடிந்து குணமானவர்களின் சளியில் மிஞ்சிய செத்த கிருமியின் மிச்சத்தையும் பிடித்து 'உண்டு' என்றது. குணமானவரிடம் போய் மறுபடி காசநோய் என்று சொல்ல முடியுமா?

உங்கள் கணக்கிலும் ஒரு விஷயம். டெங்கிப் பதாகை தொங்கும் புளோக்கில், காய்ச்சலோடு வருபவரிடம், நோய் இருக்கும் வாய்ப்பு 10,000க்கு 50 இல்லை, அதைவிட அதிகம். அங்கே உணர்திறனுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி. 2020இல் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. அந்த வருடம் நாங்கள் தூங்கியதே குறைவு.

பட்டைக்காரன் · திங்கள் இரவு 9.10

வாத்தியார் கணக்கு மரபுப் பொருளைத் தேடும் முறைகளுக்குப் பொருந்தும். என்எஸ்1 போன்ற புரதத்தில் ஆள் பஞ்சம் கிடையாது. ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராம் இருந்தாலே ஏறத்தாழ 200 கோடி மூலக்கூறு. அங்கே பிரச்சினை பிடிக்கிற கையில்தான்.

பழைய தொண்டூழியர் · திங்கள் இரவு 10.02

நீங்கள் எல்லாம் நானோ கணக்கில் பேசுகிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2021இல் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதி ஒன்றில் ஏஆர்டி எடுக்க உதவினேன். வரிசை நீளம், வெயில், எல்லாருக்கும் வேலைக்குக் கிளம்பும் அவசரம். நேரம் மிச்சமாகும் என்று ஐம்பது உறையை முன்கூட்டியே பிரித்து மேசையில் அடுக்கிவைப்போம். கூடாரத்துக்குள் காற்று ஈரத்துணி மாதிரி இருக்கும். சிலர் குச்சியை மூக்கு நுனியில் தொட்டுவிட்டு எடுத்துவிடுவார்கள், பாவம், கூச்சம். கரைசல் நான்கு சொட்டு என்றால் இரண்டு விழும். அதில் எத்தனை 'இல்லை' உண்மையான 'இல்லை' என்று இன்றும் யோசிக்கிறேன். உறையைப் பிரித்துவைத்தது தப்பா?

பட்டைக்காரன் · திங்கள் இரவு 10.25

அண்ணே, தப்புதான், ஆனால் உங்கள் மேல் தப்பில்லை, அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். தங்கத் துகளைச் சர்க்கரையோடு சேர்த்துக் காயவைத்திருப்போம். ஈரம் பட்டால் திண்டு பிசுபிசுத்து, துகள் சரியாகக் கிளம்பாது. உறைக்குள் இருக்கும் அந்தச் சின்னப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான். சேமிப்பு 2 முதல் 30 டிகிரி என்று போட்டிருக்கும், நம் ஊர் மதியம் 30ஐ எப்போது மதித்தது? நாங்கள் ஆறு மாதம் உழைத்து உணர்திறனை இரண்டு மடங்காக்குவோம். நான்குக்குப் பதில் இரண்டு சொட்டு விழுந்தால் ஓட்டமே பாதியில் நின்றுவிடும், அந்த ஆறு மாதமும் போச்சு.

நாய்ப்பிரியை · செவ்வாய் காலை 8.40

நான் விலங்கு மருத்துவமனையில் தாதி. இழைக்குச் சம்பந்தமா என்று தெரியவில்லை, ஆனால் முதல் பக்கத்தில் 'எதிர்ப்பொருள் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும்' என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாய்களுக்கு இதயப்புழு பார்க்க நாங்களும் ஆன்டிஜென் (புழு ரத்தத்தில் விடும் பொருள்) தேடும் கிட்தான் போடுகிறோம். அங்கேயும் இதே தொல்லை. சந்தேகம் பலமாக இருந்து கிட் 'இல்லை' என்றால், சீரத்தை 100 டிகிரிக்குச் சற்று மேல் பத்து நிமிடம் சூடாக்கி, சுழற்றி, மேலே நிற்கும் தெளிநீரில் மறுபடி போடும் வழக்கம் உண்டு. எல்லா நாய்க்கும் இல்லை, சந்தேகமுள்ளதற்கு மட்டும். சூட்டில் எதிர்ப்பொருள் பிடியை விட்டுவிடும், புழுவின் ஆன்டிஜென் தாக்குப்பிடிக்கும். 'இல்லை' 'உண்டு' ஆவதைப் பார்க்கலாம்.

நாய்க்குச் செய்வதை அந்த அம்மாவுக்கு ஏன் செய்யக்கூடாது?

தேக்கா தம்பி · செவ்வாய் காலை 8.52

அக்கா, இந்த இழையிலேயே இதுதான் சூப்பர்!!

பட்டைக்காரன் · செவ்வாய் மதியம் 1.05

உண்மையில் இது நல்ல கேள்வி. இத்தனை பதிவாக நாங்கள் கோட்டைப் பிரகாசமாக்குவது பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஈசூன் வாசியின் அம்மாவுக்குப் பிரகாசம் உதவாமலும் போயிருக்கலாம். புரதம் எதிர்ப்பொருளின் பிடியில் இருந்திருக்கலாம். அப்படியென்றால் பிடியை விடுவிப்பதுதான் அங்கே வேலை.

டெங்கியில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2003லேயே அமிலம் சேர்த்துப் பிடியைத் தளர்த்தி, பிறகு நடுநிலையாக்கி என்எஸ்1ஐத் தேடும் முறை வெளியானது, இரண்டாம் தடவை நோயாளிகளிடம் கூடுதலாகப் பிடித்தது. ஆனால் அது ஆய்வுக்கூட முறை. பட்டைக்குக் கொண்டுவர இரண்டு முட்டுக்கட்டை. ஒன்று, இதயப்புழு ஆன்டிஜென் சூடு தாங்கும், என்எஸ்1 ஆறு துண்டு சேர்ந்த மென்மையான உருவம். கொதிக்கவைத்தால் குலைந்துவிடும். குலைந்த உருவத்தையும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் ஜோடி வேண்டும், மறுபடி கல்யாணத் தரகர் வேலை. இரண்டு, விரல் குத்தி எடுத்த முழு ரத்தத்தில் அமிலம் விட்டால் சிவப்பணு உடைந்து படலமே சிவந்துவிடும். சிவப்புப் பின்னணியில் சிவப்புக் கோட்டை எங்கே தேடுவது? முதலில் பிளாஸ்மாவைப் பிரிக்கும் வடிகட்டி, அப்புறம் அமிலத் திண்டு, அப்புறம் நடுநிலைத் திண்டு என்று வரிசையாக வைக்கலாம். காகிதத்தில் வரைய சுலபம்.

ஈசூன் வாசி · செவ்வாய் இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்கள் ஒரு பாடமே நடத்திவிட்டீர்கள். அம்மாவிடம் இதயப்புழுக் கதையைச் சொன்னேன், "என்னை நாயோடு சேர்த்துட்டாங்களா" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் சிரித்தார்.

இன்று மறுபரிசோதனைக்கு அதே கிளினிக் வழியாகத்தான் போனோம். உள்ளே போய், 2012 விவரத்தை அம்மாவின் பதிவில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். நிமிடக் கணக்கைக் கேட்க வாய் வந்தது, வரிசையில் பதினொரு பேர் இருந்தார்கள், கேட்கவில்லை.

பட்டைக்காரன் · செவ்வாய் இரவு 9.48

கேட்டிருக்கலாம். சரி, பரவாயில்லை.

நாய்ப்பிரியை, நீங்கள் எந்தக் குழாயில் சூடாக்குகிறீர்கள், கட்டி தட்டியதைச் சுழற்ற எத்தனை நிமிடம், தெளிநீர் எவ்வளவு மிஞ்சும் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். எனக்கு நாளை காலை ஆறு மணி ஷிஃப்ட்.